ஆண் பூச்சியின் நிறம்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்துவந்தவளுக்குப் புதிய இனம் கிடைத்தது ஆஸ்பத்திரி வேலியில்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவருக்கு வாரம் இருமுறை சிகிச்சை. அவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவள் செம்பருத்தி வேலியோரம் காத்திருப்பாள். ஒருநாள், அரிசியளவே இருந்த ஒரு தத்துப்பூச்சி நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து இலைக்கடியில் ஒளிந்தது. இதுவரை அவள் பார்த்திராத பூச்சி. அந்த வாரத்துக்குள் மூன்றைப் பிடித்தாள். மூன்றும் பெண்.

"பொண்ணா இருந்தா என்னவாம்?" என்றார் கணவர்.

"ஆணோட வயித்து நுனியப் பார்த்தாத்தாங்க இது வேற இனம்னு உறுதியா சொல்ல முடியும். பொண்ண மட்டும் வெச்சு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க."

"அட, ஆம்பளைக்குக்கூட ஒரு இடத்துல மதிப்பு இருக்குன்னு சொல்லு!"

அதன்பிறகு சக்கர நாற்காலியை வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, அவரே இலை இலையாகப் புரட்டத் தொடங்கினார்.

ஒரு நண்பகல் டாக்டர் அவளை மட்டும் கூப்பிட்டார். இனி சிகிச்சையால் பலன் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கணவர் ஒரு காலி மாத்திரை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"மாட்டிக்கிட்டான்!"

டாக்ஸியில் வீடு வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. பூச்சி எப்படி உட்கார்ந்திருந்தது, முகத்தில் என்ன நிறம், முதுகில் என்ன நிறம் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் 'ம்' கொட்டினாள். காதுக்குள் டாக்டரின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுதுங்க."

ஆறு வாரத்தில் அவர் போய்விட்டார்.

மீண்டும் வேலைக்கு வந்து அந்த டப்பாவைத் திறக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆண்தான். வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். சந்தேகமே இல்லை, புதிய இனம். நீளம் அளந்தாள், இறக்கை நரம்புகளை வரைந்தாள், பக்கம் பக்கமாக எழுதினாள். 'உயிருடன் இருக்கையில் ஆணின் நிறம்' என்ற இடத்தில் கை நின்றது. செத்த பூச்சி வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. அது உயிரோடிருந்தபோது பார்த்தவர் ஒருவர்தான்.

கண்ணை மூடிப் பார்த்தாள். ஆடும் கைகள் தெரிந்தன, வாய் அசைவது தெரிந்தது. சொல் ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வேலி இருந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூரை போட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரச் செம்பருத்திகளிலெல்லாம் மூன்று வாரம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"பெண்ணோட நிறத்தையே போட்டுடுங்க மேடம்," என்றார் பிரிவுத் தலைவர். "யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும் சார்."

'பதிவு செய்யப்படவில்லை' என்று தட்டச்சு செய்தாள்.

கட்டுரை வெளியானதும் மகள் போனில் கூப்பிட்டாள். "கால்ல இருக்கற முள்ளக்கூட எண்ணி எழுதியிருக்கியேம்மா. நிறத்த மட்டும் ஏன் விட்டுட்ட?"

"அப்பா சொன்னார்டி," என்றாள் அவள். "நான்தான் கேக்கல."