சிறுமலை தெரியுதா?

பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மாடி அந்த வீட்டைப் பார்த்தபடி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அந்த மாடியில் நின்றால் சிறுமலை முழுசாகத் தெரியும். பக்கத்து வீட்டு ஆனந்தமேரி மிளகாய் காயப்போட வரும் நேரத்துக்கு எனக்கும் ஏதாவது காயப்போட இருக்கும்.

அவள் மகள் ரூபி சேலம் பக்கம் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்கு வேறு பேச்சே இல்லை. அதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஒருநாள் அவள் தன்னந்தனியாக மதுரை வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும் என்றானது. எங்கள் ஊரின் தலைக்கு மேல்தான் பாதை. அதை முடித்தால்தான் லைசென்ஸ்.

பறப்பதற்கு முன் வானிலை பார்ப்பதே பெரிய வேலை என்று லீவில் வந்தபோது ரூபி சொல்லியிருந்தாள். இணையத்தில் அதற்கென்று எத்தனையோ இடங்கள். எதை நம்புவது, எதைச் சும்மா பார்த்துவைப்பது என்று பாடமே நடத்துவார்களாம். கேட்டபோது மாப்பிள்ளை விசாரிக்கிற கதையாகத்தான் எனக்குப் பட்டது. விமான நிலைய வானிலை அலுவலகத்தின் அறிக்கை, பையனின் ஆபீஸிலேயே நேரில் கேட்பது மாதிரி. அதுவும் எந்த நேரத்து அறிக்கை என்று பார்க்க வேண்டும். பழைய சேதி உதவாது. அடுத்து சாட்டிலைட் படம். காற்றைக் கலர் கலராகக் காட்டும் வெளிநாட்டு ஆப்கள் எல்லாம் டீக்கடைப் பேச்சு. காதில் வாங்கலாம், அதை நம்பிப் பெண் கொடுக்க முடியாது.

ஆனந்தமேரிக்கு இந்த வித்தியாசமெல்லாம் இல்லை. மகள் போகக் கூடாது, அவ்வளவுதான். அன்று காலை போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே மாடிக்கு வந்தாள்.

"ரூபி, அப்பா போன்ல நாள் முழுக்க மழைன்னு போட்டிருக்குடி. இன்னைக்கு வேணாம்."

"அது கொடைக்கானல் மழைம்மா. டூர் போனப்ப அப்பா வச்ச ஊரு. இன்னும் மாத்தலை."

அவள் கணவர் ஸ்டான்லி கொளுத்தும் வெயிலிலும் குடையோடு திரிந்த மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனந்தமேரி போனை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "சிறுமலை மேல ஒரே கருமேகம். மலையே தெரியலை" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி மலை பளிச்சென்று நின்றது.

"பக்கத்துல சொர்ணம் அத்தை நிப்பாங்களே, அவங்கள்ட்ட குடு" என்றது போன்.

சேலத்தில் இருப்பவளுக்குக்கூட நான் நிற்பது தெரிந்திருக்கிறது.

"மிளகா காயப்போட வந்தேன் தாயி" என்றேன்.

"சரி அத்தை. சிறுமலை தெரியுதா?"

ஆனந்தமேரி என்னையே பார்த்தாள். கழுத்து ஜெபமாலையை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தெரியுது தாயி. உச்சியில மரம்கூடத் தெரியுது."

"கேட்டியாம்மா? அத்தை சொல்லி நான் பறக்கப் போறதில்ல. மதுரை ரிப்போர்ட்டும் நல்லாருக்கு, சாட்டிலைட் படமும் அதையேதான் சொல்லுது, எங்க சாரும் பாத்துட்டாரு. பயமா இருக்குன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். மலை மேல பழி போடாத."

"பயமாத்தாண்டி இருக்கு."

"எனக்கும்தான். அங்கயே நில்லும்மா, வாரேன்."

அடுப்பில் குழம்பு, வெஞ்சனம் எதுவும் வைக்காமல் நின்றோம். தெருவே மாடி ஏறிவிட்டது. எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு மேலாக ஒரு வெள்ளைப் பொட்டு மெல்ல நகர்ந்து வந்தது. ஆனந்தமேரி முந்தானையை எடுத்து ஆட்டினாள். அம்புட்டு உயரத்தில் இருப்பவளுக்கு என்ன தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நானும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். மலை தெரியுது என்று சொன்ன பாவத்துக்கு, கொஞ்ச காலம் அந்த வீட்டிலிருந்து எனக்குக் குழம்பு வரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது ரூபி டெல்லியிலிருந்து பெரிய விமானம் ஓட்டுகிறாள். ஸ்டான்லியின் போனில் இன்னமும் மழைதான். மலை தெரிந்த பக்கம் ஒரு அபார்ட்மென்ட் எழும்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் யாரோ காயப்போட்ட லுங்கியும்தான் தெரிகின்றன. அறிக்கை, படம் எல்லாம் பார்த்து முடித்தபின் ரூபி வீட்டுக்கு ஒரு போன் போடுகிறாள். நேற்றும் போட்டாள். குவாஹாட்டிக்குப் போகிறாளாம்.

"சிறுமலை தெரியுதாம்மா?"

ஆனந்தமேரி அந்த லுங்கியைப் பார்த்தாள்.

"பளிச்சுன்னு தெரியுதுடி. போயிட்டு வா."

இந்த முறை யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நான் குனிந்து மிளகாயைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.