இறந்தகாலம் இல்லாத பக்கம்

வானொலி நாடகம் எழுதிப் பிழைக்கிறவளுக்குச் சொந்த அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுத வரவில்லை. நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார் அத்தான். 'என் அக்கா அன்பே உருவானவள்' என்று தொடங்கினாள். படித்துப் பார்த்ததும் அடித்துவிட்டாள். அக்கா வாயைத் திறந்தால் எதிராளி வாயடைத்துப் போவார். கட்டுரைக்குள் உட்காரவைத்தாலோ, சம்பந்தி வீட்டுக்கு வந்தவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவிதையாக்கிப் பார்த்தாள். அதில் அக்கா இன்னும் அழகாகச் செத்துக் கிடந்தாள்.

கடைசியில் பழக்கதோஷத்தில் கை நாடகத்துக்குப் போனது. தாளின் இடது ஓரத்தில் 'அக்கா' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

அக்கா: ஏண்டி, 'இருந்தாள்', 'சிரித்தாள்'னே எழுதிக்கிட்டிருக்க? நான் எங்க போயிட்டேன்?

அதற்குப் பிறகு ஒரு சொல்லைக்கூட அவள் தேட வேண்டியிருக்கவில்லை. நாடகத்தில் ஆள் பேசினால் ஆள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். செத்துப்போனாள் என்று சொல்ல அங்கே கதைசொல்லிக்கு இடமில்லை. கை வலிக்க வலிக்க எழுதினாள்.

சாயங்காலம் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அத்தான் வந்தார். அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை எடுத்து மூக்கருகே பிடித்துப் படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"இத உனக்கு யாரு சொன்னது?"

"எத அத்தான்?"

விரலை வைத்துக் காட்டினார்.

அக்கா: மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. பல்லு வலின்னு நெனச்சு நர்ஸ் மாத்திரை குடுத்துடப் போறா.

"அவ கடைசியாப் பேசினது இதுதான். ஆஸ்பத்திரி ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

"நானா எழுதினதுதான் அத்தான். அவ அப்படித்தான பேசுவா."

சொல்லும்போதே தாளை மடித்து வைக்கப் போனாள். அவர் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் பதில் சொல்லல. இப்பச் சொல்றேன், எழுது."

"வேணாம் அத்தான். '(அக்கா போகிறாள்)'னு போட்டு முடிச்சிடுறேன். எனக்கு என்னவோ போல இருக்கு."

"அத மட்டும் எழுதிடாதம்மா."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. 'அத்தான்' என்று எழுதிப் புள்ளி வைத்தாள்.

"பசிக்குதா இல்லையான்னுகூடத் தெரிய மாட்டேங்குது. நீ கேட்டாத்தான் எனக்குத் தெரியும்," என்றார் அவர், தாளைப் பார்த்து.

எழுதினாள். அதற்குக் கீழே பேனா தானாகவே ஓரத்துக்குப் போனது.

அக்கா: அம்மா, இவரு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு டீ போட்டுக் குடும்மா.

"என்ன சொல்றா?" என்று கேட்டார் அத்தான்.

அவள் இன்னும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கவில்லை. அதற்குள் அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"இதோ போடுறேன் பெரியவளே," என்றாள் அம்மா உள்ளேயிருந்து, அக்காவுக்கு எப்போதும் பதில் சொல்கிற குரலில்.

உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. தாளில் கடைசி வரியின் மை இன்னும் காயாமல் பளபளத்தது.