வீடா, லாரியா

சாமிக்கண்ணு மஞ்சள் கடிதாசி கொடுக்கப் போகிறார் என்ற சேதி செலண்டார் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. பாதிப் பேர் இரக்கப்பட்டார்கள். மீதிப் பேர் அவர் கடையில் பாக்கி வைத்திருந்தவர்கள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. காட்டுக்குள் துப்பாக்கி தூக்கிய கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று, ரப்பர் தோட்டத்து ஆட்களை முள்வேலிக்குள் குடிவைத்து, அரிசியை வெள்ளைக்காரச் சர்க்கார் அளந்து கொடுக்க ஆரம்பித்ததுமே அவருடைய மளிகைக்கடை படுத்துவிட்டது. இல்லை என்று சொல்ல நாக்கு வராத மனிதர், கடன் கொடுத்தே கெட்டார்.

மலாக்கா டவுனில் வக்கீலிடம் எழுத்துவேலை பார்க்கும் கிராணி கணேசமூர்த்தி அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லியிருந்தார். மற்றக் கடனெல்லாம் கோர்ட்டோடு தீர்ந்துவிடும். செட்டியாரிடம் ஈடு வைத்த வீடும் தவணையில் எடுத்த லாரியும் அப்படியல்ல. பொருளைக் கொடுத்துவிட்டால் கடனும் தொலைந்தது. பொருள் வேண்டுமென்றால் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கட்டிவர வேண்டும். தவறினால் அந்தக் கடன் திரும்பவும் கழுத்தைப் பிடிக்கும். இரண்டையும் கட்ட அவருக்கு வக்கில்லை. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

வீடுதான் என்றாள் மனைவி பெரியநாயகி. ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போயாவது தவணையைக் கட்டுகிறேன் என்றாள். சாமிக்கண்ணு உடனே தலையாட்டினார். லாரி இல்லாமல் எப்படிப் பிழைப்பது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

லாரி தொலைந்தால் போதும் என்றிருந்தார் அவர். காரணத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

தோட்டத்து ரோட்டு வளைவில் ஒரு முனியாண்டி கோயில். தமிழர் ஓட்டும் எந்த லாரியும் அங்கே நின்று கற்பூரம் ஏற்றாமல் போகாது. காட்டுக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. போன மாதம் அவர் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களில் தமிழ் பேசிய ஒருவன், அடுத்த தடவை அரிசி வரவேண்டும், போலீசுக்குப் போனால் குடும்பம் இருக்காது என்றான்.

"வண்டிய எங்களுக்கு நல்லாத் தெரியும். யாரு ஓட்டுனாலும் இங்க நிக்கணும்."

அரிசி கொடுத்தால் சர்க்கார் தூக்கில் போடும். கொடுக்காவிட்டால் இவர்கள் சுடுவார்கள். பார்த்ததைச் சொல்லாமல் இருந்ததே குற்றம். உடம்பு சரியில்லை என்று லாரியை நிறுத்தியவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை. சோறு இறங்கவில்லை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சிரிக்க வேண்டாம். அந்த வருஷங்களில் பயமில்லை என்றவன் ஒன்று பொய்யன், இல்லையென்றால் பைத்தியம்.

கையெழுத்துப் போடுகிற நாளில் புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். வக்கீல் ஆபீஸ் வாசலில் பெரியநாயகியின் தம்பி வீரமுத்து நின்றிருந்தான். தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். வேலையை விட்டுவிட்டானாம். தவணைக் கம்பெனியில் பேசிவிட்டானாம். மாமா விடுகிற லாரியை அவனே எடுக்கப்போகிறானாம்.

"கவலப்படாதீங்க மாமா. அதே ரோட்லதான்லா ஓட்டப்போறேன். அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும்."

காட்டுக்காரர்களுக்கும் தெரியும். கான்ஸ்டபிளாக இருந்தவனிடம் அவர்கள் அரிசி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பார்த்த இடத்தில் சுடுவார்கள். எஞ்சின் சரியில்லை என்றார் சாமிக்கண்ணு, கியர் சிக்கும் என்றார், அந்த ரோடே வேண்டாம் என்றார். துப்பாக்கி பிடித்தவனுக்கா பயம் என்று அவன் சிரித்தான். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் நேற்றுவரை காக்கிச்சட்டை போட்டவன் சும்மா இருப்பானா? ஸ்டேஷனுக்கு ஓடுவான். சேதி காட்டுக்குப் போகும். பிறகு பெரியநாயகி? அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியமில்லை.

உள்ளே கணேசமூர்த்தி காகிதத்தை விரித்து, வீடுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள் பெரியநாயகி.

"இல்ல. லாரிய நானே வச்சுக்கிறேன்," என்றார் சாமிக்கண்ணு. "வீடு செட்டியாருக்குப் போவட்டும்."

பெரியநாயகி காதில் விழுந்தது சரிதானா என்று தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"அந்த இரும்புதான் ஒங்களுக்குப் பெருசாப் போச்சா? நான் எங்க போயி இருப்பேன்?"

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். அவள் தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இருவரும் அவரைத் திட்டிக்கொண்டே நடப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும் என்று நினைத்தார்.

லாரி ஓடாமல் தவணை வராது, நாளைக்கே எடுத்துவிடுங்கள் என்றார் கணேசமூர்த்தி.

எடுக்கிறேன் என்றார் சாமிக்கண்ணு.