பனிப்புல்லில் இரண்டு தடம்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, பஸ்ஸில் பொறுக்கியது. தருமபுரியிலிருந்து கடத்தூர் போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "தனியாத்தான் போனேன்னு எந்த ஆம்பள சொன்னாலும், கூட யாருன்னு கேட்டுரணும்டி."

மற்றவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மடியில் ஓர் ஆங்கிலக் கவிதைப் புத்தகம் இருந்தது. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி நான் கட்டியது. ஆகவே என்னை முதல் வரியிலிருந்தே சந்தேகப்படுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிழக்கு வெளுத்தது. ஏரியில் தாமரைகள் மெல்ல—'

அடித்துவிட்டேன். அந்த ஏரியில் தாமரை கிடையாது. கரை முழுக்க வேலிக்காத்தான். தவிர, ஒரு கதையில் இயற்கை திடீரென்று அழகாகிவிட்டால், எழுதுகிறவன் யாரையோ மறைக்கிறான் என்று பொருள். வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன் சொல்கிறேன், நம்புங்கள். (பிணத்தை ஒளிக்க வேண்டிய அத்தியாயத்தில்தான் நான் நிலா வெளிச்சத்தை வர்ணிப்பேன்.)

2

ஜன்னல் பக்கம் திரும்பியவளுக்குக் கோகிலவாணி என்று பேர் வைத்தேன். தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். வீடு கடத்தூர்ப் பக்கம். கணவன் சந்திரமோகன் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். மாமியார் ராமக்காள் கூடவே இருக்கிறாள்.

(ஒரு குழந்தை பிறந்தது. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பேர் வைப்பதற்குள் போய்விட்டது. இதை அடைப்புக்குறிக்குள் போட்டது நானல்ல, அந்த வீடு. "பச்சமண்ணுக்கு யாரும் வாய்விட்டு அழக்கூடாது. அழுதா அடுத்தது தங்காது" என்றாள் ராமக்காள். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. ஒப்பாரி கிடையாது, கருமாதி கிடையாது. ஆண்கள் இரண்டு பேர் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பெற்றவளிடம் சொல்வதில்லை. அவளும் கேட்கக்கூடாது. கோகிலவாணி கேட்கவில்லை.)

அதற்குப் பிறகுதான் சந்திரமோகன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏரிக்குப் போக ஆரம்பித்தான்.

"எதுக்குங்க?"

"சும்மாதான். காத்து, தண்ணி, குருவி சத்தம். மனசு லேசாவுது வாணி."

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். இயற்கையில் போன் எதற்காம். கணவன் போனை எடுத்துக்கொண்டு போனால் சாதாரணமாகச் சந்தேகப்படலாம். வைத்துவிட்டுப் போனால்?

3

கல்லூரியில் அந்த வாரம் அவள் நடத்த வேண்டிய பாடமும் ஓர் ஏரிதான். இயற்கையிடம் ஆறுதல் தேடிப் போன ஆங்கிலக் கவிஞர் ஒருவரின் பாட்டு. (கவிஞர் பேர் வேண்டாம். செத்தவர்களோடும் எனக்கு வம்பு வேண்டாம்.) சாரம் இதுதான்: துயரத்தோடு தனியாக ஏரிக்கரைக்கு வந்தேன். நீரும் காற்றும் என்னைத் தேற்றின. நிறைந்த மனதோடு தனியாகத் திரும்பினேன். கடைசி வரியில் அவர் திரும்பிப் பார்க்கிறார். பனி படிந்த புல்லில் இரண்டு தடங்கள் மின்னுகின்றன.

"ஒரு தடம் கவிஞருடையது, மற்றது அவரோடு துணையாக நடந்த இயற்கை அன்னையுடையது" என்று விளக்கினாள். நோட்ஸில் அப்படித்தான் இருந்தது.

கடைசி பெஞ்சில் பூவிழி எழுந்தாள். ஆடு மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண். "மேடம், காத்து நடந்தா புல்லு மிதிபடுமா?"

வகுப்பு சிரித்தது.

"அது உருவகம்மா."

"எங்க காட்டுல ரெண்டு தடம் இருந்தா ரெண்டு பேரு போயிருக்காங்கன்னு அர்த்தம் மேடம். அந்தாளு கூட யாரையோ கூட்டிட்டுப் போயிட்டு, பாட்டுல பேர வுட்டுட்டாரு."

"யாரை விட்டாராம்?"

"அது அவரு பொண்டாட்டி கேக்க வேண்டிய கேள்விங்க மேடம்."

மறுபடி சிரிப்பு. கோகிலவாணியும் சிரித்தாள். பரீட்சைக்கு நோட்ஸில் உள்ளதை எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த பலகை அது.

4

அன்று சாயங்காலம் பாத்திரம் அடுக்கும்போது கணவனின் பையைத் திறந்தாள். பிளாஸ்க், துண்டு. அதன் அடியில் இரண்டு டம்ளர்கள். இரண்டிலும் டீ காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏங்க, ஏரிக்கு எதுக்கு ரெண்டு டம்ளரு?"

"ஒண்ணு கீழ வுழுந்துட்டா?"

"வுழுந்தா ஒடையறதுக்கு அது என்ன கண்ணாடியா? எவர்சில்வருங்க."

"மண்ணாவும்ல." டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இந்த இடத்தில் எனக்கே சந்திரமோகன் மேல் சந்தேகம் வந்தது. நான் படைத்த ஆள்தான். ஆனாலும் அந்த இரண்டாவது டம்ளரை நான் பையில் வைக்கவில்லை. எழுதிக்கொண்டே போனபோது அது அங்கே இருந்தது.

எடிட்டரிடம் போனில் கதையைச் சொன்னேன். "கள்ளக்காதல்தானே சார்? அப்படியே நேராப் போங்க. அந்தக் குழந்தை விஷயத்தை மட்டும் எடுத்துடுங்க, கதை கனமாயிடுது" என்றார். யோசிப்பதாகச் சொன்னேன். யோசிக்கவில்லை.

5

மார்கழி ஞாயிறு. சந்திரமோகனின் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயட்டும் என்று காத்திருந்து, கோகிலவாணி ஸ்கூட்டியை எடுத்தாள். கூடத்தில் படுத்திருந்த ராமக்காள் போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள், "இந்நேரத்துக்கு எங்க?"

"இயற்கைய பாக்கறதுக்குங்க அத்தை."

ஏரிக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தாள். கரைமேட்டுப் புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவே, பச்சையாக, கால் பட்டுப் பனி உதிர்ந்த தடங்கள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று செருப்புக் கால். பக்கத்திலேயே ஒட்டினாற்போல் வெறுங்கால். சின்னக் கால்.

நோட்ஸ் போட்டவன் கிடைத்தால் அறைந்திருப்பாள்.

தடத்தோடு நடந்தாள். யார்? கடையில் பில் போடுகிறவளா? எதிர் வீட்டுக்காரியா? வாயில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். முதலில் அவனையா, அவளையா? வேலிக்காத்தான் புதருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் குரல் கேட்—

6

இங்கே நான் இரண்டு நாள் நின்றேன். எடிட்டரின் முடிவு கைவசம் இருந்தது. புதரை விலக்குகிறாள், கணவன் இன்னொருத்தி தோளில், கீழே 'முற்றும்'. அடுத்ததாக என் சரக்கு. அந்தப் பெண் அவனுடைய தொலைந்துபோன தங்கை. (இதை ஏற்கெனவே வேறு தொடரில் விற்றுவிட்டேன்.) மூன்றாவதாக, அங்கே யாருமே இல்லை, அவன் தனக்குத்தானே பேசுகிறான், சூரியன் உதிக்கிறது, அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த ஆங்கிலக் கவிஞருக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. வெறுங்கால் தடத்தைத் துடைத்துவிட்டுத்தான் அதை எழுத முடியும்.

ஆகவே புதரை நானே விலக்கிப் பார்த்தேன்.

7

புங்கமரத்தடியில் சென்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல். ஊரில் சாவு விழுந்தால் ஒப்பாரி பாட முதலில் கூப்பிடுவது அவளைத்தான். கோகிலவாணியின் மாமனார் சாவுக்கும் வந்தவள். அவளுக்கு எதிரே சந்திரமோகன். நடுவில் இரண்டு டம்ளர்.

டம்ளருக்குப் பக்கத்தில் வெட்டிப்போட்ட முள் காய்ந்து கிடந்தது. பச்சைக்குழந்தையைப் புதைத்த இடத்தை நாய் தோண்டிவிடாமல் முள் போட்டு மூடுவார்கள். கோகிலவாணிக்கு அது தெரியும். முள்ளின் அளவு எவ்வளவு சின்னது என்பதுதான் அவளுக்கு அதுவரை தெரியாது.

சென்னம்மாள் பாடிக்கொண்டிருந்தாள், ஊருக்குக் கேட்காத குரலில்.

"பேரு வெக்க நாளு பாத்தோம்
பேசாமப் போனதென்ன
பாலு கட்டி நோவையில
பாதியில போனதென்ன…"

பாட்டை நிறுத்தி டீயை ஒரு வாய் குடித்தாள். "ஏஞ்சாமி, என்னையப் பாடவுட்டுட்டு நீ சும்மா குந்தியிருந்தா எப்படி? வாயத் தொறந்து அழு. ஆம்பளைக்கு ஒண்ணும் கொறஞ்சிராது."

"வருது ஆத்தா. வந்து நின்னுருது."

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"அவ தாங்கமாட்டா."

"அத நீயா முடிவு கட்டிக்கிட்டியாக்கும்?" டம்ளரைக் கீழே வைத்தாள். "செரி, அடுத்த அடியில பேரு சொல்லிக் கூப்பிடணும். ஒவ்வொரு வாரமும் அந்த எடம் வந்தா தடுக்குது. ஒரு பேரு சொல்லேன்."

"பேரே வெக்கலியே ஆத்தா."

"பேரில்லாம எங்கிட்டுப் போயித் தேடறது அத?"

அப்போதுதான் சந்திரமோகன் அழுதான். கோகிலவாணி அப்படியொரு அழுகையை அவனிடம் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் படுத்திருந்தவன், அவள் தட்டில் சோறு போட்டவன், அவளிடம் காத்து தண்ணி குருவி என்று சொன்னவன், இந்த அழுகையை மட்டும் இங்கே கொண்டுவந்து வேறொருத்தி முன்னால் கொட்டுகிறான். கள்ளக்காதல் என்றால் மயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். இதற்கு எதைப் பிடிப்பது? அவள் பிள்ளை படுத்திருக்கிற இடத்துக்கு ஏரி என்று பேர் சொல்லி எத்தனை ஞாயிறு ஏமாற்றியிருக்கிறான்!

சந்தேகம் தப்பாகவில்லை. இரண்டு தடத்துக்கு இரண்டு பேர்தான். ஆனால் அவள் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றும் இங்கே செல்லாது.

அவள் அடுக்காத ஒன்றைத் தவிர.

வயிற்றில் ஐந்தாவது மாதம் அசைந்தபோதே அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். பேர் வைக்கும் நாளுக்கு முன் வெளியில் சொல்லக்கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொல்ல ஆள் இல்லை. தனியாக இருக்கும்போது அதைச் சொல்லிப் பார்ப்பாள், வாய்க்குள்ளேயே. தாங்கமாட்டாளாம்!

சென்னம்மாள் மறுபடி பாட்டை எடுத்தாள். அந்த இடம் வந்தது. தடுக்கியது. நின்றது.

புதருக்குப் பின்னாலிருந்து முள் முறியும் சத்தம். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி வாயைத் திறந்தா—

8

அந்தப் பேரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் எல்லாருக்கும் நான்தான் பேர் வைத்தேன். இந்த ஒன்றை வைக்கிற உரிமை எனக்கு இல்லை. ஒருவேளை அவள் பேருக்குப் பதிலாக அவனைத் திட்டியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பியிருக்கலாம். பஸ்ஸில் பார்த்த முகத்தை வைத்து எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் வேண்டுமானால் வெயில் ஏறுவதற்குள் கரைமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏரி அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். புல்லைப் பாருங்கள். திரும்பிப் போன தடம் எத்தனை என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். என் பேச்சை நம்பாதீர்கள்.