எட்டுப் பங்கு நெஞ்சிடி

1956ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கையில், உடுவிலில் எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவான தோட்டக் கிணற்றுக்குள்ளிருந்து மகாதேவியின் நெஞ்சு அடிப்பது கேட்கத் தொடங்கியது. ஒவ்வோர் அடிக்கும் தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து, சுவரில் முட்டி அடங்கியது. அவளுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கிணறு வேகமாக அடித்தது. வந்த கடிதம் தில்லைநாதனுடையது என்று தெரிந்ததும் தணிந்தது. தில்லைநாதன் அவளுடைய கணவர், கொழும்புக் கந்தோர் ஒன்றில் கிளறிக்கல் உத்தியோகம், எழுத்து வேலை. அங்கே தேர்தல் மேடைகளில் தமிழருக்கு எதிராகப் பேசியதெல்லாம் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அவர் உயிரோடு வந்து சேருவாரா என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு இறங்கவில்லை, நித்திரையும் போய்விட்டது. அவரோ, "ஒண்டும் நடவாது, வீணாப் பயப்பிடாதையும்" என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

பங்குக்காரர் கூடி, ஏதும் விழுந்து செத்த கிணற்றுக்குச் செய்வதுபோல இதையும் இறைத்துவிடத் தீர்மானித்தார்கள். இறைத்த தண்ணீரை வீணாக ஓடவிட எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? எட்டுத் தோட்டங்களுக்கும் முறைப்படி பாய்ச்சினார்கள். மத்தியானத்துக்குள், காற்றே இல்லாமல், வெங்காயத் தாள்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகச் சாய்ந்தன. பங்குக்காரரில் ஒருவரான கனகரத்தினத்துக்குப் பிட்டு தொண்டையில் நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பூரணம் தன் பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினாள். மகாதேவியோ பாயில் சரிந்து, மூன்று கிழமைக்குப் பிறகு நித்திரையானாள்.

நியாயப்படி பெரிய சண்டை வந்திருக்க வேண்டும். ஆனால் இறைப்பு முறை எழுதிவைக்கும் சோமசேகரம், "கிணத்துக்கை கிடக்கிறது எல்லாருக்கும் பங்குதானே. எட்டிலை ஒண்டைத் தாங்கேலாதோ?" என்று கேட்டார்.

1958 கலவரத்தில் தில்லைநாதன் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் ஒற்றைச் செருப்போடு இறங்கினார். மூன்று மாதத்தில் திரும்பிப் போனார், உத்தியோகம் உத்தியோகம்தானே. 1960இல் தேர்தல் இரண்டு தரம் வந்தது, பிறகு அறுபத்தைந்து, எழுபது. மருதனார்மடச் சந்தியில் ஒலிபெருக்கிக் கார் திரும்பும் சத்தம் கேட்டால், சனம் தங்கள் பங்கு நெஞ்சிடிக்காக வாய்க்கால் துப்புரவாக்கப் போய்விடும். ஆள் மிதித்து இறைத்த துலா போய், தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது. மிசின் இரைச்சலுக்கு மேலாகவும் நெஞ்சிடி கேட்டது.

1977இல் அவர் பென்சனோடு வீட்டில் இருந்தார். தேர்தல் அறிவித்த கிழமையே கிணறு அடிக்கத் தொடங்கியது. "மனிசன்தான் வந்திட்டாரே, இனியென்ன பயம் உமக்கு?" என்று பூரணம் பகிடி பண்ணினாள். மகாதேவி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அது பாட்டுக்கு ஆறுதலாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகுதான் கிணற்றுக்கட்டில் பேப்பரோடு இருந்த தில்லைநாதனைக் கவனித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் கழுத்து நரம்பு துடிக்கத் துடிக்க, கீழே வளையங்கள் விரிந்தன.

"பயமில்லை எண்டெல்லோ இருபது வருசமா எழுதினீங்கள்?"

"அது நீர் வாசிக்கிறதுக்கு எழுதினது," என்றார் அவர். "அங்கை எனக்குக் கிணறு இல்லையே."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றைய முதல் முறை கனகரத்தினத்தினுடையது. மகாதேவி கேட்டு அதை மாற்றி, முதல் தண்ணீரைத் தன் பாத்திகளுக்குத் திருப்பினாள். மற்ற ஏழு பேரும் மண்வெட்டியோடு தங்கள் தங்கள் வாய்க்கால் வாயில் வந்து நின்றார்கள்.