சாப்பாட்டு மேசையில் சொன்னது

ஃபோல்க்மார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கணவர் நல்ல பேச்சு உற்சாகத்தில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டோடு பீரும் உள்ளே போய்விட்டால் அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். ஃபோல்க்மார் எங்கள் பகுதியை ஆளும் இளவரசரின் அதிகாரி. வரி, சிறை, தூக்குமரம் எல்லாம் அவர் பொறுப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சின்னச் சந்தேகம் என்றார்.

"போதகர் ஐயா, நம்ம எல்லைக்குள்ள ஒரு புள்ள இருக்கு. நல்லா வளந்த புள்ள. ஆனா பேச்சு கிடையாது. தின்னும், ஊளையிடும், உக்காந்த இடத்துலயே கழியும். பெத்த புள்ளைய எடுத்துக்கிட்டு பிசாசு மாத்தி வச்சதுன்னு ஜனங்க சொல்லுது. என்ன பண்றது?"

மேசையின் இரண்டு பக்கமும் இறகுப் பேனாக்கள் மைக்கூட்டுக்குள் இறங்கின. எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், இவர் வாயைத் திறந்தாலே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஆண்டவரைப் பற்றிப் பேசினாலும் எழுதுவார்கள், அஜீரணத்தைப் பற்றிப் பேசினாலும் எழுதுவார்கள். அது பிரதி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போகும். எங்கோ ஒரு நீதிமன்றத்தில் அதைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். மேசைவிரிப்பில் மைக்கறையைத் தேய்த்துத் தேய்த்து என் கை போனதுதான் மிச்சம். பையன்களைச் சொல்லிப் பயனில்லை. பேனாக் கீறும் சத்தம் கேட்டால் இவருக்குப் பேச்சு இன்னும் ஒரு படி ஏறும்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்றார். "அது புள்ளையே இல்ல. பிசாசு கட்டி வச்சுட்டுப் போன சதை மூட்டை. உள்ள ஆன்மா கிடையாது. நானா இருந்தா ஆத்துல தூக்கிப் போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காருவேன்."

யோப்ஸ்ட் என்ற மாணவன் எழுதிக்கொண்டே சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். யாரைப் பற்றிய பேச்சு என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் சமையல்காரி ஒசான்னாவின் மகள் மெட்டா அடுப்பங்கரையில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. யார் கத்துவது என்று கேட்பார், வேலைக்காரியின் பிள்ளை என்பேன், மறுபடி புத்தகத்தில் குனிந்துகொள்வார்.

ஃபோல்க்மார் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு ஐயா. நம்ம ரொட்டிக்காரன் பசு ரெண்டு செத்துப்போச்சு, இது பண்ணின வேலதான்னு தெருவே கொதிக்குது. உங்க வீட்டு விஷயமாச்சேன்னுதான் தயங்கினேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அதக் கொண்டுபோக ஆளுங்க வாசல்லதான் நிக்கிறாங்க."

"எங்க வீட்டு விஷயமா?"

"உங்க அடுப்பங்கரையில இருக்கிற புள்ளதான் ஐயா அது."

ஒசான்னா மீன் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தட்டைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், திரும்பிப் போய் அடுப்பங்கரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிஷப்பின் நீதிமன்றத்தில், இவரை எரிக்க வெளியே விறகை அடுக்கி வைத்துவிட்டு, இவர் எழுதியதில் ஒரு வரியையாவது வாபஸ் வாங்கு என்றார்கள். மாட்டேன் என்று நின்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாடு இவரைத் தலையில் வைத்துக்கொண்டாடுகிறது. அதற்காகத்தான் நானும் கன்னியர் மடத்தை விட்டு வந்து இவரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அதே பிடிவாதம் இந்தப் பேச்சையும் வாபஸ் வாங்க விடாதே என்று பயந்தேன்.

"பீரு பேசின பேச்சுன்னு சொல்லிடுங்க," என்றேன்.

"உர்ஸல், நீ சும்மா இரு." குரல் இறங்கியிருந்தது. "ஃபோல்க்மார், நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்றதுதானே ஐயா சட்டம்?"

யோப்ஸ்ட் தலையை நிமிர்த்தினான். அவனிடம் விஷமம் கிடையாது, படிப்பு மட்டும்தான் உண்டு. "ஐயா, நம்ம வீட்டுப் புள்ளைன்னா சத்தியம் மாறிடுமா? மாறாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இவர் முகத்தில் ரத்தம் ஏறியது. பேனாக்கள் காத்திருந்தன. ஃபோல்க்மார் எழுந்து தொப்பியை எடுத்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. ஒசான்னாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அம்மா, வேண்டாம்மா, உங்க காலப் பிடிக்கிறேன்," என்று அவள் பின்னாலேயே வந்தாள். மெட்டாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து, இவர் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே, இவரை ஒட்டி உட்கார வைத்தேன்.

"நானா இருந்தா போடுவேன்னீங்களே. வாசல்ல நிக்கிறவங்க எதுக்கு? இந்தாங்க. நீங்களே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

மெட்டா மேலெல்லாம் கரியும் மூத்திர வாடையும். அவள் யாரையும் பார்க்கவில்லை. இவர் தட்டில் இருந்த மீன் துண்டை அள்ளி, முள்ளும் தோலுமாக வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த கணம் இருமினாள். கண் பிதுங்கியது. ஒசான்னா பாய்ந்து வருவதற்குள் இவர் கை முந்திக்கொண்டது. தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு, ஊறிப்போன மீனை வெளியே எடுத்தார். அவள் மூச்சு திரும்பியது. உடனே ஊளையிட்டாள், மீன் வேண்டுமாம்.

"ஐயா, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் ஃபோல்க்மார்.

இவர் நிமிரவில்லை. கிட்டப்பார்வைக்காரர், மீன் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்து, முள் ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். மெட்டா வாயை அகலத் திறந்துகொண்டு இவர் கையையே பார்த்திருந்தாள். யோப்ஸ்டின் பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை விரிப்பில் விழுந்து பரவியது.