பதினேழாவது பொன்னாடை

பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் இதய டாக்டர் சுகிர்தாவுக்குப் பாராட்டு விழா. விழாக்குழுத் தலைவர் பாத்திரக்கடை அப்பாத்துரை அண்ணாச்சி. வாசல் பேனரில் டாக்டரின் படம் ஒரு சாண். அண்ணாச்சியின் படம் ஓர் ஆள் உயரம்.

மேடை ஏறும்போதே அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. இடது கை கனத்தது. மத்தியானம் தின்ற பரோட்டாதான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஒரு கோலி சோடா குடித்தார். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த செயலாளர் செந்தூர்பாண்டி பயந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்குது? டாக்டரம்மா அங்கனதான இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லுவோமா?”

“சும்ம இரும்வே. வாயுவு. பதினாறு பேரு பொன்னாடை போட்டு முடிச்ச பெறவு தலைவரு போடணும், அதான் மொறை. இப்ப எந்திச்சுப் போனா, நம்ம துணைத்தலைவரு பாக்கியசீலன் போட்டு போட்டோவும் எடுத்துருவான்.”

உயிர் போனாலும் போகட்டும், போட்டோ போய்விடக் கூடாது! இந்த லட்சணத்தில் வாழ்த்துரை வாசித்ததும் அவர்தான். டாக்டர் ஏரலில் பிறந்தவர், நெஞ்சைக் கிழிக்காமல் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு இதய அடைப்பை நீக்கும் சிகிச்சையை இந்தப் பக்கத்துக்கு முதலில் கொண்டுவந்தவர், இருபது வருடங்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு அதைச் செய்தவர். அடுத்த வரியையும் அண்ணாச்சி கணீரென்று வாசித்தார்.

“நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக் காலம் கடத்தாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவருபவர்!”

மண்டபமே கை தட்டியது. அண்ணாச்சி வலது கையால் மேசையைத் தட்டினார். இடது கை தூக்க வரவில்லை.

பொன்னாடை போட்டவர்கள் சும்மா போட்டுவிட்டுப் போகவில்லை, ஆளுக்கு ஐந்து நிமிடம் தங்கள் பெருமையைப் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலைவரின் முறை வந்தது. பதினேழாவது பொன்னாடையை விரித்தபடி வந்த அண்ணாச்சி டாக்டரின் காலடியிலேயே சரிந்தார்.

“எவ்வளவு நேரமா வலி?” என்று நாடியைப் பிடித்தபடி கேட்டார் டாக்டர்.

“ரெண்டு மணி நேரமாச்சும்மா” என்றார் செந்தூர்பாண்டி, தலையைக் குனிந்துகொண்டு.

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கீழே விழுந்த பொன்னாடையைப் பாக்கியசீலன் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் டாக்டர் அண்ணாச்சியின் கட்டிலருகே வந்து நின்றார்.

“அடைப்பை எடுத்தாச்சு அண்ணாச்சி. ஆனா இதயத்துல கால்வாசி செத்துப்போச்சு. அது இனி திரும்பாது. வலிச்ச ஒடனே சொல்லியிருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம். நாலு அடி தள்ளித்தான இருந்தேன்?”

“இல்லம்மா... ஒங்களுக்குச் செய்யுத மரியாதைல கொறை வந்துறக் கூடாதுன்னு...”

டாக்டர் சிரிக்கவில்லை.

“நான் சொன்னதை எனக்கே வாசிச்சுக் காட்டுனிய. மேசையையும் தட்டுனிய. ஒரு வார்த்தையாவது ஒங்க காதுல ஏறுச்சா? நெஞ்சு வலிச்சா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வரணும். அதுதான் நீங்க எனக்குச் செய்யுத மரியாதை. மத்ததெல்லாம் வெறும் துணி.”